நாய்க்கும் ரத்தம் ஏற்றலாம்

நாய் சோறு தின்னவில்லை. மூலையில் சுருண்டு கிடக்கிறது. அதன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பெரும்பாலான நாய்களுக்கு ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். அது சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்ணி. உண்ணி கடிக்கும்போது நோய்க் கிருமி நாயின் உடம்பில் புகுகிறது. சில கிருமிகள் ரத்தத்தின் சிவப்பு அணுக்களை உடைத்துவிடும். வண்டியில் அடிபட்டாலும் ரத்தம் போகும். ரத்தம் மிகவும் குறைந்துவிட்டால், மருந்து வேலை செய்யும் வரை உயிர் தாங்காது. அப்போது இன்னொரு நாயின் ரத்தத்தை ஏற்றுவார்கள்.

எந்த நாயின் ரத்தமும் ஆகுமா? ஆகாது. ரத்தம் கொடுக்கும் நாய் 25 கிலோவுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். உண்ணி நோய் இல்லை என்று சோதிக்க வேண்டும். சாதுவாகவும் இருக்க வேண்டும். மிரளும் நாயை அமுக்கிப் பிடித்து ரத்தம் எடுப்பது நியாயமல்ல.

மனிதரைப் போல நாய்க்கும் ரத்த வகைகள் உண்டு. மனிதருக்கு வகை மாறினால் முதல் தடவையே ஆபத்து. நாய்க்கு முதல் தடவை பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இதை நம்பிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. சேராத ரத்தத்தை உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும். சில நாள் கழித்து அதே வகை மறுபடியும் போனால் எதிர்த்துத் தாக்கும். நாய் செத்தும் போகலாம். ஆகவே முன்பு ரத்தம் ஏற்றியிருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர் இரண்டு ரத்தமும் சேருமா என்று சோதித்துப் பார்ப்பார்.

ரத்தம் ஏறும்போது மருத்துவரின் உதவியாளர் பக்கத்திலேயே இருப்பார். முதல் அரைமணி நேரம்தான் முக்கியம். ரத்தம் மெதுவாகச் சொட்ட வேண்டும். உடம்புச் சூடு, நாடித்துடிப்பு, மூச்சு மூன்றையும் அடிக்கடி பார்த்து எழுதுவார். வாந்தி, நடுக்கம், முகவீக்கம், மூச்சிரைப்பு ஏதாவது தெரிந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவார். குளிர்ந்த ரத்தப் பையைக் கொதிநீரில் போடக் கூடாது. அணுக்கள் உடைந்துவிடும். ரத்தம் போகும் குழாயில் மருந்து எதையும் கலக்கக் கூடாது. நான்கு மணி நேரத்துக்குள் ஏற்றி முடிக்க வேண்டும்.

சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாய்களுக்கு ரத்த வங்கி இருக்கிறது. எல்லா ஊரிலும் இந்த வசதி கிடையாது. அங்கெல்லாம் பெரிய நாய் வளர்ப்பவரைத் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும். ரத்தம் கொடுத்த நாய் தண்ணீர் குடித்து, கொஞ்சம் தின்றுவிட்டு, வழக்கமாக அன்றே வீட்டுக்கு நடந்து போய்விடும்.