வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால்...

வாடகைக்குக் குடியிருக்கும் சகோதரிகளே! ரேஷன் கார்டு எங்கே என்றால் சட்டென்று எடுத்துத் தருவோம். வாடகை ஒப்பந்தம் எங்கே என்று கேட்டால் மட்டும், "அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்" என்போம். ஆனால் நெருக்கடி வரும்போது நமக்குக் கை கொடுப்பது அந்தக் காகிதம்தான்.

தமிழ்நாட்டில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் அமலில் இருக்கிறது. வாய்ப் பேச்சு போதாது. ஒப்பந்தத்தை எழுதி, 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இவர் துணைக் கலெக்டர் அந்தஸ்தில் உள்ளவர். "பதினோரு மாசம்தானே, பதிவு எதுக்கு?" என்று வீட்டுக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதே நம்மை வெளியேற்றக் கோர ஒரு காரணமாகிவிடும்!

எங்கள் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஒரு பெண். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். ஒரு வாரத்தில் காலி பண்ணச் சொன்ன வீட்டுக்காரர், அவள் அவகாசம் கேட்டதும் தண்ணீரை நிறுத்திவிட்டார். நல்ல வேளை, அவளிடம் பதிவு எண்ணோடு ஒப்பந்தமும் ரசீதுகளும் பத்திரமாக இருந்தன. மனு கொடுத்தாள், தண்ணீர் வந்தது. பிள்ளைகள் நிம்மதியாகப் பரீட்சை எழுதினார்கள்.

இவற்றை நினைவில் வையுங்கள்:

* தண்ணீர், மின்சாரத்தை நிறுத்த வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். மீண்டும் தரும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம்.

* நம்மை வெளியேற்ற உத்தரவு போடுவது வாடகை நீதிமன்றம்தான். வீட்டுக்காரர் தானாகப் பூட்டுப் போடுவதோ, சாமான்களைத் தெருவில் வைப்பதோ கூடாது.

* இரண்டு மாத வாடகை பாக்கி என்று நோட்டீஸ் வந்தால், ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிடுங்கள்.

* வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், "சரி, போகட்டும்" என்று இருந்துவிடாதீர்கள். வாடகை அதிகாரியிடம் செலுத்த வழி உண்டு.

* மாதாமாதம் ரசீது கேட்டு வாங்குங்கள். வங்கி மூலம் கட்டினால் இன்னும் நல்லது.

உரிமை என்றால் ஆயுசுக்கும் அதே வீட்டில் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. சொன்ன கெடு முடிந்தால் மரியாதையாகக் காலி செய்வதும் நம் கடமைதான். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக விரட்ட யாராலும் முடியாது என்ற தைரியம் நமக்கு வேண்டும். இன்றைக்கே பீரோவைத் திறந்து, ஒப்பந்தத்தில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்களேன்!