கொள்ளு முதல் கோழி வரை... புரதம் அதிகம், கொழுப்பு குறைவு! கொங்குச் சமையலறையில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால், கொள்ளை வேகவைத்து, அந்தத் தண்ணீரில் ரசம் வைத்துக் குடித்துவிட்டு, வெந்த கொள்ளை மாட்டுக்கு வைத்துவிடும் வீடுகள் கொங்குப் பகுதியில் இன்றும் உண்டு. ரசம் ருசிதான். ஆனால், புரதத்தின் பெரும்பகுதி தண்ணீரில் இல்லை, அந்தப் பயறில்தான் இருக்கிறது!

ஜிம்முக்குச் செல்லும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து புரோட்டீன் பவுடர் வாங்குகிறார்கள். அதே வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டிக்கோ மூன்று வேளையும் இட்லி, ரசம் சாதம், மோர் சாதம்தான். வயது கூடக் கூடத் தசை குறையும். புரதமும் குறைந்தால் நடை தளரும், தடுக்கி விழும் ஆபத்து அதிகரிக்கும். உண்மையில், புரதத்தை அதிகம் யோசிக்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எவ்வளவு தேவை?

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம், 65 கிலோ எடையுள்ள ஆணுக்குச் சுமார் 54 கிராம். 2024-ல் அந்த நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கச் சொல்கின்றன.

எதில் எவ்வளவு? (100 கிராமில், தோராயமாக)

* கொள்ளு: புரதம் 22 கிராம், கொழுப்பு 1 கிராமுக்கும் குறைவு
* பச்சைப்பயறு: புரதம் 22 கிராம், கொழுப்பு 1 கிராம்
* தட்டைப்பயறு: புரதம் 21 கிராம், கொழுப்பு 1 கிராம்
* மீல்மேக்கர்: புரதம் 50 கிராம், கொழுப்பு 1 கிராமுக்கும் குறைவு
* தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி: புரதம் 22 கிராம், கொழுப்பு 3 கிராமுக்குள்
* நிலக்கடலை: புரதம் 25 கிராம், கொழுப்பு 40 கிராம்
* தேங்காய்: புரதம் 4 கிராம், கொழுப்பு 41 கிராம்

பயறு வகைகளுக்கும் மீல்மேக்கருக்கும் இது வேகவைக்காத, உலர்ந்த நிலையில் உள்ள அளவு. வெந்தால் தண்ணீரை இழுத்துப் பெருகிவிடும். எனவே, ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பைச் சாப்பிட்டுவிட்டு 22 கிராம் கிடைத்துவிட்டதாகக் கணக்குப் போடக் கூடாது. 40 கிராம் கொள்ளை வேகவைத்துச் சாப்பிட்டால் சுமார் 9 கிராம் புரதம் கிடைக்கும்.

கொழுப்பு எங்கே சேர்கிறது?

பெரும்பாலும் பொருளில் அல்ல, வாணலியில்தான். பள்ளிபாளையம் சிக்கனில் கோழியைவிட எண்ணெயும் தேங்காய்ப் பல்லும்தான் கொழுப்பைக் கூட்டுகின்றன. தோல் நீக்கிய கறியை எடுத்து, எண்ணெயையும் தேங்காயையும் பாதியாகக் குறைத்தாலும் சின்ன வெங்காயமும் வரமிளகாயும் ருசியைப் பார்த்துக்கொள்ளும். தட்டைப்பயறு குழம்புக்கும் இதே கணக்குதான்.

கோவையின் ரோட்டுக்கடைக் காளானை 'சத்தான காளான்' என்று நினைத்துச் சாப்பிடுபவர்கள் உண்டு. அதில் பெரும்பகுதி மாவில் பிசைந்து எண்ணெயில் பொரித்த முட்டைகோஸ்தான். ஆசைக்குச் சாப்பிடலாம், புரதத்துக்காகச் சாப்பிட வேண்டாம்.

பாலிலும் தேர்வு உண்டு. நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவிகிதம், சமன்படுத்திய பாலில் 3 சதவிகிதம். புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பாக்கெட்டைப் பார்த்து வாங்கினால் போதும்.

அரிசியும் பருப்பும் ஏன் ஜோடி?

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. கொங்கு வீடுகளின் அரிசிம்பருப்பு சாதத்தின் பலம் இதுதான். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பாவது இருக்கட்டும். நெய் ஒரு டீஸ்பூனோடு நிற்கட்டும்.

ஒரு நாள் கணக்கு

காலையில் இரண்டு அவித்த முட்டை (12 கிராம்), மதியம் 40 கிராம் கொள்ளில் பருப்பு (9 கிராம்), மாலையில் 30 கிராம் பச்சைப்பயறில் சுண்டல் (6 கிராம்), நாள் முழுவதும் பால், தயிராக 300 மில்லி (9 கிராம்). மொத்தம் 36 கிராம். மீதி இட்லி, சோறு, கம்பு, ராகியிலிருந்தே கிடைத்துவிடும். முட்டை சாப்பிடாதவர்கள் பயறின் அளவைக் கூட்டலாம், மீல்மேக்கர் சேர்க்கலாம்.

கவனிக்க வேண்டியவை

* கொள்ளு நேராகப் போய்த் தொப்பையைக் கரைப்பதில்லை. வயிறு நிறைந்த உணர்வைத் தருவதால் அடுத்த நொறுக்குத்தீனியைத் தள்ளிப்போட உதவும். அவ்வளவுதான்.
* கொள்ளை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். முளைகட்டியும் சமைக்கலாம்.
* பல் இல்லாத பெரியவர்களுக்குப் பச்சைப்பயறு கடைசல், கொள்ளு மசியல், முட்டை எளிது.
* இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொழுப்பைக் குறைக்கக் கூடாது. வளர்ச்சிக்கு அது தேவை.
* சிறுநீரகப் பிரச்னை, யூரிக் அமிலம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

அடுத்த முறை கொள்ளு ரசம் வைக்கும்போது, வெந்த பயறையும் கடைந்து பெரியவர்கள் தட்டில் முதலில் வையுங்கள். ரசம் பிறகு வரட்டும்.