லாரி ஓட்டக் கற்க யாரிடம் கடன்படுவது?

அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் இல்லாத ஒருவர் குடும்பத்தை ஓரளவு கௌரவமாக நடத்த உதவும் வேலைகளில் லாரி ஓட்டுவதும் ஒன்று. அந்நாட்டுத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்குப்படி, 2024 மே மாதத்தில் கனரக லாரி ஓட்டுநர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 57,440 டாலர். பாதிப் பேர் இதற்கு மேல் சம்பாதித்தார்கள், பாதிப் பேர் இதற்குக் கீழே. ஆலை மூடியதால் வேலை இழந்தவர்கள், சிறையிலிருந்து திரும்பியவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் எனப் பலரும் இந்த வேலையைத் தேடி வருகிறார்கள்.

இவர்களில் நிறையப் பேருக்கு ஒரே இடத்தில் தடை விழுகிறது. வேலை கிடைத்தால் பழைய கடனை அடைக்கலாம். வேலை கிடைக்கப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பணம் வேண்டும். பழைய கடன் அடையாததால் புதிய கடன் தர ஆளில்லை.

பள்ளியைத் தவிர்க்க முடியாது

இழுவை வண்டியும் டிரைலரும் சேர்ந்து 26,001 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 11.8 டன் எடை வகுப்பைத் தொட்டால் பொதுவாக ‘கிளாஸ் ஏ’ வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். 2022 பிப்ரவரி 7 முதல், முதன்முறையாக இந்த உரிமம் கேட்பவர்கள் மத்திய அரசின் பயிற்சியாளர் பதிவேட்டில் உள்ள பள்ளியில்தான் கற்க வேண்டும். பாடத் தேர்வில் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். பயிற்சி முடிந்ததைப் பள்ளி பதிவேற்றினால்தான் மாநில அரசு ஓட்டுத் தேர்வுக்கு அனுமதிக்கும். பதிவேட்டில் இல்லாத அப்பாவிடமோ மாமாவிடமோ கற்றுக்கொண்டு நேரே தேர்வுக்குப் போகும் வழி அன்றோடு அடைபட்டது.

பயிற்சிக்கு இத்தனை மணி நேரம் என்று மத்திய விதி வரையறுக்கவில்லை. முழுநேர வகுப்புகள் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வாரம் நடக்கின்றன. தனியார் பள்ளிகளில் கட்டணம் பல ஆயிரம் டாலர். அந்த வாரங்களில் சம்பளமும் கிடையாது. வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்தால் சுமை இன்னும் கூடும்.

கடன் கேட்டுப் போனால் முதலில் பார்ப்பது கடன் மதிப்பெண்ணை. நம்மூர் சிபில் போல அங்கே பரவலாகப் புழங்கும் ஃபைக்கோ மதிப்பெண் 300 முதல் 850 வரை போகும். 580க்குக் கீழே இருந்தால் ‘மோசம்’ என்ற வகை. தவணை தவறிய குறிப்பு ஏழு ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும். இந்த நிலைக்கு வந்தவர்களை ஊதாரிகள் என்று முடிவுகட்டுவது அநியாயம். காப்பீடு கைகொடுக்காத ஒரே ஒரு மருத்துவமனைச் செலவு போதும், நேர்மையாக உழைக்கும் குடும்பத்தின் மதிப்பெண் சரிந்துவிடும்.

மதிப்பெண் பார்க்காத பணம்

இப்படிப்பட்டவர்கள் முதலில் தட்ட வேண்டிய கதவு, ஊர்தோறும் இயங்கும் ‘அமெரிக்கன் ஜாப் சென்டர்’ என்னும் அரசு வேலைவாய்ப்பு மையம். 2014இல் வந்த தொழிலாளர் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ், வேலை இழந்தவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இங்கே பயிற்சிக் கட்டணம் கிடைக்கலாம். இது மானியம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. கடன் மதிப்பெண்ணையும் பார்ப்பதில்லை.

இதற்கும் நிபந்தனைகள் உண்டு. பள்ளி மாநில அரசின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். உள்ளூர் நிதி தீர்ந்துபோனால் காத்திருக்க வேண்டும். முக்கியமாக, பள்ளியில் சேரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். சேர்ந்து கட்டணம் கட்டிய பிறகு வந்து கேட்டால் பொதுவாகக் கிடைக்காது. விளம்பரத்தைப் பார்த்த அன்றே தனியார் பள்ளியில் கையெழுத்துப் போடுபவர்கள் இந்த உதவியை இழக்கிறார்கள்.

முன்னாள் படைவீரர்களுக்கு ‘ஜிஐ பில்’ என்னும் அரசின் கல்வி உதவி இருக்கிறது. பல ஊர்களில் சமுதாயக் கல்லூரிகள் தனியாரைவிடக் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகின்றன. ஏழை மாணவர்களுக்கான பெல் மானியம், படிப்பு மிகக் குறுகியது என்பதால் லாரிப் பயிற்சிக்கு நெடுங்காலம் எட்டவில்லை. 2025இல் வந்த சட்டம் 2026 ஜூலை 1 முதல் 150 மணி நேரத்துக்கும் 600 மணி நேரத்துக்கும் இடைப்பட்ட படிப்புகளுக்கு அந்த மானியத்தைத் திறந்துவிடுகிறது. ஆனால் படிப்பு குறைந்தது எட்டு வாரம் நீள வேண்டும். நான்கே வாரத்தில் முடியும் வகுப்பு இதற்குள் வராது. ஏழைகள் அதிகம் சேரும் படிப்பு ஒன்று சில வாரக் கணக்கில் விடுபடுவது வேதனை. சட்டம் எழுதியவர்கள் இதைத் திருத்த வேண்டும்.

கட்டணமில்லாப் பயிற்சியின் விலை

அடுத்த வழி, லாரி நிறுவனங்களே தரும் பயிற்சி. முன்பணம் பெரும்பாலும் கேட்பதில்லை, கடன் மதிப்பெண் தடையாவதும் குறைவு. பதிலுக்கு, ஏறக்குறைய ஓராண்டு அந்த நிறுவனத்திலேயே ஓட்டுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும். இடையில் விலகினால் பயிற்சிக் கட்டணம் கடனாகத் தலையில் விழும். சில நிறுவனங்கள் வாராவாரம் சம்பளத்திலும் பிடிக்கின்றன. கட்டத் தவறினால் கணக்கு வசூல் நிறுவனத்தின் கைக்குப் போகலாம். மதிப்பெண் மோசம் என்று இந்த வழிக்கு வந்தவர், அதைவிட மோசமான மதிப்பெண்ணோடு வெளியேற நேரிடுகிறது.

ஓராண்டு ஓட்டுவது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றலாம். ஆனால் பெரிய நெடுந்தூர நிறுவனங்களில் ஆண்டு விலகல் விகிதம் பல ஆண்டுகளில் 90 விழுக்காட்டைத் தாண்டியதாக லாரி நிறுவனங்களின் சங்கமே கணக்குச் சொல்லியிருக்கிறது. மைலுக்கு இவ்வளவு என்று கூலி, சரக்கு ஏற்றி இறக்கக் காத்திருக்கும் மணிகளுக்குப் பெரும்பாலும் கூலி இல்லை, வாரக்கணக்கில் வீடு இல்லை. ஆய்வுக்காகத் தாமே லாரி ஓட்டிய சமூகவியலாளர் ஸ்டீவ் விசெல்லி, 2016இல் வெளியான ‘தி பிக் ரிக்’ நூலில் இந்த நிலையை விரிவாகப் பதிவு செய்தார். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் 2023இல், வேலை கொடுப்பவரே கடன் கொடுத்தவராகவும் ஆகும் இத்தகைய ஏற்பாடுகளின் அபாயத்தை எடுத்துக்காட்டியது. வேலையை விட்டால் பணம் கட்டு என்னும் ஒப்பந்தங்களுக்குக் கலிபோர்னியா மாநிலம் 2026 ஜனவரி 1 முதல், சில விலக்குகளோடு, தடை விதித்திருக்கிறது.

இந்த வழியில் வந்து ஓராண்டை முடித்து, அனுபவச் சான்றோடு நல்ல நிறுவனத்துக்கு மாறியவர்களும் உண்டு. வேறு கதவே இல்லாதவருக்கு இதுவும் ஒரு கதவுதான். ஒப்பந்தம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நுழைய வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

மூன்று மாதத்தில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? மாதம் கூடக்கூட அந்தத் தொகை குறையுமா, கடைசி நாள்வரை முழுசாக நிற்குமா? நிறுவனமே வெளியே அனுப்பினால் யார் கட்டுவது? உடம்பு முடியாமல் போனால்? வட்டி உண்டா? பயிற்சிக் காலத்தில் கூலி எவ்வளவு? இவற்றுக்கு வாய்ப்பேச்சு போதாது, பதில் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாத இடத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. பள்ளியின் பெயர் மத்தியப் பதிவேட்டில் இருக்கிறதா என்று யாரும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கூடவே, தன் கடன் அறிக்கையை வாங்கிப் பார்ப்பதும் அவசியம். ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களிடமும் வாரம் ஒருமுறை இலவசமாகப் பெறலாம். கட்டி முடித்த கடன் பாக்கி என்று நிற்பதுண்டு. ஆட்சேபித்தால் பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம்.

முதலில் அரசு மையம், அடுத்து சமுதாயக் கல்லூரி, அதற்கும் பிறகே நிறுவன ஒப்பந்தம், வேறு வழியே இல்லையென்றால்தான் அதிக வட்டிக் கடன் என்ற வரிசையில் போவதே கையில் பணம் குறைந்தவருக்குப் பாதுகாப்பு. ஓட்டுநர் பற்றாக்குறை என்று ஆண்டுதோறும் முறையிடும் தொழில், ஓட்டுநரை உருவாக்கும் செலவைத் தானே ஏற்க வேண்டும். இருப்பவர்களிலேயே வசதி குறைந்தவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமாகாது.