அறுந்த இழை



காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டையில் தறியின் ஒலி கேட்டு வளர்ந்தவன் நான். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், போதைப் பழக்கத்தைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். அதற்கு முன், என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் தலைமையாசிரியராக இருந்தபொழுது, பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் பையில் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டது. நெசவாளர் வீட்டுப் பிள்ளை, கணக்கில் கெட்டிக்காரன். "முதலில் நண்பன் சும்மா கொடுத்தான், ஐயா. இப்பொழுது அது இல்லாவிட்டால் பாடத்தில் மனம் நிற்பதில்லை" என்று அழுதான். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மாற்றுச் சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவன் படிப்பு அத்துடன் நின்றது.

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களே போதையின் இலக்கணம். நல்லுணவு உண்டாலும், விளையாட்டில் வென்றாலும் நம் மூளையில் டோபமின் என்னும் பொருள் சுரக்கிறது. புகையிலை, மது, கஞ்சா, அபின் முதலியவை அதை இயல்புக்கு மீறிச் சுரக்கச் செய்கின்றன. நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. நேற்றைய அளவு இன்று போதுவதில்லை. நிறுத்தினாலோ எரிச்சல், உறக்கமின்மை, சிலவற்றில் நடுக்கமும் வலிப்பும் தோன்றுகின்றன. விருப்பமாக வந்தது தேவையாகிவிடுகிறது. ஆராய்ந்து முடிவு செய்யும் மூளைப்பகுதி ஏறக்குறைய 25 வயது வரை முதிர்ந்துகொண்டிருப்பதால், இளமையில் தொடங்கும் பழக்கம் ஆழமாக வேரூன்றுகிறது.

இது எங்கோ சிலரின் துன்பம் அன்று. 2019ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துவோர், சுமார் 3.1 கோடிப் பேர் கஞ்சா வகைகளை உட்கொள்வோர்.

ஆயினும் மீட்சி உண்டு. சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், போதை ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று செயலால் காட்டியது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடுமையானதுதான். எனினும் சிறு அளவு வைத்திருந்த அடிமையர் தாமே முன்வந்து உரிய நிலையத்தில் சிகிச்சையை முடித்தால், வழக்கிலிருந்து விலக்குப் பெற அச்சட்டமே வழி வைத்திருக்கிறது. 14446 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

மாணவர்களே, முதல் முறை நீட்டுவது பெரும்பாலும் பழகிய கைதான். அங்கேயே "வேண்டாம்" என்று சொல்லுங்கள். தோழன் ஒருவன் சிக்கிவிட்டால், அவனை மறைக்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

தறியில் இழை ஒன்று அறுந்தால், நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. தறியை நிறுத்தி, அவ்விழையைத் தேடி முடிந்துவிட்டு மேலே நெய்கிறார். எங்கள் ஊரில் சிறுவரும் அறிந்த இதனை, தலைமையாசிரியனாகிய நான் அன்று மறந்தேன். நீங்கள் மறவாதிருங்கள்.