கையில சாவி வேண்டாம்

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னிக்கு சாயங்காலம். குமணன்சாவடி பஸ் ஸ்டாப்ல நானும் கிளாஸ்மேட் ஒருத்தனும் நின்னுட்டிருந்தோம். போன்ல ரிசல்ட் பார்த்தான். கொஞ்ச நேரத்துல மூச்சு வாங்க ஆரம்பிச்சது. "மச்சான், மூச்சே வரலடா"ன்னான். உதடு மரத்துப்போச்சு, விரலெல்லாம் உள்ளே மடங்கி விறைச்சுக்கிச்சு. யாரோ "ஃபிட்ஸ்"னு சொல்லி கையில சாவிக்கொத்தைத் திணிச்சாங்க. நான் அதைவிட மோசம். "நல்லா இழுத்து விடுடா"ன்னு சொல்லிட்டே இருந்தேன். அது எவ்வளவு தப்புன்னு அப்புறம் படிச்சுதான் தெரிஞ்சது.

இதுக்குப் பேர் ஹைப்பர்வென்டிலேஷன். உடம்புக்குத் தேவையானதைவிட அதிகமா மூச்சு விடறது. காத்து பத்தலைன்னு தோணும், ஆனா குறையறது ஆக்சிஜன் இல்ல, கார்பன் டை ஆக்சைடு. அது வெறும் கழிவுன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்? சாதாரண நேரத்துல மூச்சோட வேகத்தை முக்கியமா முடிவு பண்றதே அதுதான்னு 1905-லயே ஹால்டேன், பிரீஸ்ட்லி ரெண்டு பேரும் காட்டிட்டாங்க. ரத்தத்துல அதோட அழுத்தம் 35-லேருந்து 45 மி.மீ. பாதரசம் இருக்கணும். அது சரிஞ்சா ரத்தத்தோட பி.எச். 7.45-ஐத் தாண்டி காரத்தன்மை கூடும். அப்போ எதோடயும் ஒட்டாம சுத்துற கால்சியம் அயனிகள் ஆல்புமின் புரதத்துல போய் ஒட்டிக்கும். கால்சியம் குறைஞ்சா நரம்பு தானாவே சிக்னல் அனுப்பும். விரல் மடங்கினது அதனாலதான். மூளைக்குப் போற ரத்தக்குழாயும் சுருங்கும், அதான் தலைசுத்தல். இதைப் பார்த்து பயம் கூடும், பயத்துல மூச்சு இன்னும் வேகமாகும். கண்ட்ரோல் சிஸ்டம்ஸ்ல வர்ற பாசிட்டிவ் ஃபீட்பேக்தான். (அந்தப் பேப்பர்லதான் அவனுக்கு அரியர்.)

அன்னிக்கு லூப்பை உடைச்சது டீக்கடை அக்கா. கூட்டத்தை விலக்கி, அவனை உட்கார வெச்சு, "சூடான டீயை ஊதுற மாதிரி மெதுவா ஊது தம்பி, அவசரமே இல்ல"ன்னாங்க. சரியான வழி அதுதான். மூக்கு வழியா மெதுவா இழுக்கணும், உதட்டைக் குவிச்சு அதைவிட அதிக நேரம் விடணும். நாலு எண்ணி உள்ளே, ஆறு எண்ணி வெளியே. நீங்களும் கூடவே செஞ்சு காட்டுங்க. "ஒண்ணுமில்ல, நடிக்காத"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பத்து நிமிஷத்துல அவன் விரல் விரிஞ்சுது.

சினிமால வர்ற காகிதப் பை வேண்டவே வேண்டாம். ஆஸ்துமாவோ மாரடைப்போ இருந்தா ஏற்கெனவே குறைஞ்ச ஆக்சிஜன் இன்னும் குறையும். சாவியும் அப்படித்தான், ஃபிட்ஸுக்கே அது உதவாது. பொதுவா கை கால் முழுக்க வெட்டி இழுக்கிற ஃபிட்ஸ்ல நினைவு இருக்காது. இவன் என்கூடப் பேசிட்டிருந்தான்.

வேகமா மூச்சு வாங்குற எல்லாமே பயம்னு நினைச்சுடாதீங்க. சர்க்கரை எகிறினாலும், நுரையீரல்ல தொற்று இருந்தாலும் இப்படி வரும். நெஞ்சுவலி, உதடு நீலமாகிறது, வீசிங், மயக்கம், காய்ச்சல் எது இருந்தாலும், முதல் தடவையா வந்து சீக்கிரம் அடங்கலைன்னாலும் 108-ஐக் கூப்பிடுங்க.

அடிக்கடி வருதுன்னா டாக்டரைப் பாருங்க. ராத்திரி பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். அவன் போன்ல அந்த நம்பர் இருக்கு. அரியர் எக்ஸாம் அடுத்த மாசம்.