காசநோய்க் கிருமியின் ஜாப் ஒர்க்

நுரையீரலுக்குள் இருக்கும் ஒரு வெள்ளணுவை எட்டிப் பார்க்கப் போகிறோம். சத்தம் போடாமல் வாருங்கள், உள்ளே சாப்பாட்டு நேரம்!

மேக்ரோஃபேஜ் என்ற இந்த அணுவின் வேலையே வந்த கிருமியை விழுங்கித் தீர்ப்பதுதான். காசநோய்க் கிருமியையும் விழுங்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே போனவர் சாகிற வழியைக் காணோம். ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, விழுங்கிய வீட்டின் கொலஸ்ட்ராலையே தின்றுகொண்டிருக்கிறார்!

கொலஸ்ட்ரால் லேசுப்பட்ட சரக்கில்லை. 27 கார்பன்கள், ஒன்றோடொன்று ஒட்டிய 4 வளையங்கள், பின்னால் ஒரு வால். அந்த வளையங்களை உடைத்துப் போடும் வித்தை மனித உடம்புக்குத் தெரியாது. கல்லீரல் அதைப் பித்த அமிலமாக மாற்றி வெளியே தள்ளுவதோடு சரி. நம்மால் ஆகாத காரியத்தை நமக்குள்ளேயே குடியிருந்து ஒரு கிருமி செய்கிறது. கோபம் வரவேண்டிய இடம். எனக்கென்னவோ கை தட்டத்தான் தோன்றுகிறது.

எப்படிச் செய்கிறது என்பது திருப்பூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். இங்கே பல டி-ஷர்ட்டுகள் ஒரே கூரைக்குக் கீழே பிறப்பதில்லை. நிட்டிங் ஒருவர், சாயம் இன்னொருவர், காம்பாக்டிங் வேறொருவர், அப்புறம் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று கைமாறிக்கொண்டே போகும். கிருமியும் நொதிகளுக்கு இப்படித்தான் ஜாப் ஒர்க் விடுகிறது. ஆனால் அங்கே தைப்பதில்லை, பிரிக்கிறார்கள்.

வாசலில் சரக்கை இறக்குவது எம்சிஇ4 என்ற புரதக் கூட்டம். அந்த வாசல் இல்லாத கிருமிகளால் எலியின் நுரையீரலில் நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை என்று 2008இல் அமித் பாண்டேயும் கிறிஸ்டோபர் சசெட்டியும் காட்டினார்கள். உள்ளே வந்ததும் சிஒய்பி125 என்ற நொதி வால் நுனியில் ஆக்சிஜனைக் கோக்கிறது. பிறகு வந்தவர்கள் வாலை இரண்டு மூன்று கார்பன்களாக நறுக்கித் தள்ளுகிறார்கள். வளையங்களின் பக்கம்தான் வேடிக்கை. கேஎஸ்டிடி, கேஎஸ்எச் என்ற இரண்டு நொதிகள் ஆளுக்கொரு இடத்தில் கைவைத்ததும், நடு வளையம் ஒன்று தானாகவே விட்டுப்போகிறது. யாரும் வெட்டவில்லை! அடுத்தது எச்எஸ்ஏசி, ஓர் இரும்பு அணுவை வைத்துக்கொண்டு ஆக்சிஜனால் முதல் வளையத்தைத் திறக்கிறது. மிச்சமிருக்கும் இரண்டு வளையங்களில் ஒன்றைத் திறப்பது ஐபிடிஏபி. அந்தப் பெயரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பிரித்த துண்டுகளும் வீணாவதில்லை. புரோப்பியோனைல் என்ற துண்டு கூடிப்போனால் கிருமிக்கே விஷம். அதனால் அதை எடுத்துத் தன் மேலுறைக்கான மெழுகுக் கொழுப்பாக்கிப் போர்த்திக்கொள்கிறது. பனியன் வேஸ்ட்டில்கூட ஒரு நூல் விடாத ஊருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டுமா என்ன!

இந்த ரகசியம் வெளிப்பட்டது காசநோய் ஆஸ்பத்திரியில் இல்லை, மண்ணில். ஜப்பானில் லிண்டேன் பூச்சிமருந்து கலந்த மண்ணிலிருந்து எடுத்த ரோடோகாக்கஸ் என்ற பாக்டீரியா கொலஸ்ட்ராலைத் தின்றது. அதன் மரபணுக்களைக் காசநோய்க் கிருமியினுடையதோடு ஒப்பிட்டார்கள். அதே வரிசை அங்கேயும் இருந்தது. இது 2007இல்.

கிருமியின் இன்னொரு நொதியைப் புரிந்துகொள்ள, இப்போது திருப்பூர் வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்குள் நுழைவோம். சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்குள் துணி கயிறாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடில் பிளீச்சிங் முடிந்தாயிற்று. மிச்சப் பெராக்சைடு துணியில் தங்கினால் அடுத்து ஏறும் சாயத்தைக் கெடுத்துவிடும், ஷேடு தப்பும்.

“கில்லர் ஊத்தியாச்சா தம்பி?”

“ஊத்தியாச்சுங்ணா. பத்து நிமிசம் ஓடிருச்சு.”

மாஸ்டர் ஒரு ஸ்ட்ரிப்பைத் தண்ணீரில் முக்கித் தூக்குகிறார். நீலம் ஏறவில்லை. “செரி, கலரு எடு.”

அந்தக் ‘கில்லர்’ கேட்டலேஸ் என்ற நொதி. பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். காசநோய்க் கிருமியிடமும் ஒரு கேட்டலேஸ் உண்டு, கேட்ஜி என்று பெயர்! வெள்ளணு கிருமியைக் கொல்ல அதே பெராக்சைடைத்தான் வீசுகிறது; பட்டறைக் கில்லரைப் போலவே கேட்ஜியும் அதைப் பிரித்துவிடுகிறது.

ஆனால் அந்தக் கேடயமே கிருமிக்கு வினையாகவும் முடிகிறது. ஐசோனியாசிட் மாத்திரை கிருமிக்குள் போகும்போது வெறும் சாது. அதைத் தட்டியெழுப்பி மருந்தாக்குவது சாட்சாத் கேட்ஜிதான். எழுந்த மருந்து, கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் வேலையை நிறுத்திவிடும். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஐசோனியாசிடும் பாஸ் என்ற மருந்தும் சேர்த்துக் கொடுத்து, வீட்டிலேயே வைத்தியம் பார்த்தாலும் சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரிக்கு ஈடாகக் குணமாகிறது என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. திருப்பூருக்குப் பக்கத்தில் பெருந்துறையில் சானடோரியம் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிப்பட்ட இடங்களில் மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் உடைந்தது அந்த ஆய்வால்தான்.

கிருமி சும்மா இருக்குமா? கேட்ஜியைத் திருத்திக்கொண்ட கிருமிகள் ஐசோனியாசிடுக்குத் தண்ணி காட்டுகின்றன. அதனால்தான் ஆராய்ச்சியாளர்களின் கண் கொலஸ்ட்ரால் ஜாப் ஒர்க் பக்கம் திரும்பியிருக்கிறது. ஐபிடிஏபியை நினைவிருக்கிறதா? 2017இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு அந்த ஒரு நொதியை மட்டும் நீக்கிப் பார்த்தது. பாதி பிரித்த சரக்கு உள்ளே தேங்கி, கிருமிக்கு அத்தியாவசியமான கோஎன்சைம்-ஏயில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொண்டது. வேறு உணவில் வளர்ந்த அதே கிருமிக்குக் கொலஸ்ட்ரால் கொடுத்தால் அது விஷமானது. மருந்துக்கடையில் கிடைக்கும் மாத்திரையாக இது இன்னும் ஆகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பட்டினி போடத் தேவையில்லை, பந்தி போட்டே கொல்லலாம்!