உமிக்குள்ளே ஓர் இடமாற்றம்

பச்சரிசியில் பத்து மணி, புழுங்கலரிசியில் பத்து மணி எடுத்து உள்ளங்கையில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பச்சரிசி பால் வெள்ளையாக இருக்கும். சில மணிகளின் வயிற்றுப் பக்கத்தில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்ததுபோல ஒரு திட்டுகூடத் தெரியும். புழுங்கலரிசியில் அந்தத் திட்டைத் தேடினாலும் கிடைக்காது. மணி முழுவதும் ஒரே சீராக, கொஞ்சம் தேன் நிறம் ஏறி, கண்ணாடிபோல வெளிச்சத்தை உள்ளே விடும். இரண்டும் ஒரே வயலில் ஒரே கதிரில் விளைந்த நெல்லாகவே இருக்கலாம். இந்த வித்தியாசம் முழுக்க ஓர் அண்டா வெந்நீரில் வந்தது.

என் அப்பாயி வீட்டில் நெல் அவிக்கிற நாள் என்றால் விடியும் முன்பே எல்லோரும் எழுந்துவிடுவோம். முதல் நாளே தொட்டியில் ஊறப்போட்ட நெல் கொஞ்சம் புளித்த வாடை அடிக்கும். அதை அள்ளி அண்டாவில் கொட்டி, அடியில் தண்ணீர் விட்டு, மேலே சாக்கைப் போட்டு மூடி அடுப்பேற்றுவார். சாக்கைத் தாண்டி ஆவி கிளம்பியதும் மேலாக்க ஒரு பிடி நெல்லை எடுத்துப் பார்ப்பார். உமி நுனியில் லேசாகப் பிளந்திருக்க வேண்டும். "வாய் விட்டுருச்சு, இறக்குங்க" என்றால் இறக்கிவிட வேண்டியதுதான். பிறகு களத்தில் பரப்பி, காலால் கோடு கோடாகக் கிண்டிக்கொண்டே நடப்பது எங்கள் வேலை. பதமாகக் காய்ந்துவிட்டதா என்பதற்குப் பல்லுக்கிடையில் ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை கிடையாது.

அந்த அண்டாவுக்குள் என்ன நடந்தது என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

நெல்மணியின் வெளியே உமி. அதற்கு உள்ளே மெல்லிய தவிட்டுப் படலம். ஒரு முனையில் முளை. மீதி இடம் பூராவும் மாவுச்சத்து. முளைக்கப்போகும் செடிக்குத் தேவையான உயிர்ச்சத்துகளைத் தாவரம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் வைக்கிறது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1 அவற்றில் ஒன்று. பச்சை நெல்லை ஆலையில் கொடுத்து வெள்ளையாகத் தீட்டும்போது உமியோடு தவிடும் முளையும் போய்விடுகின்றன. மாவு நமக்கு வருகிறது, தயமின் மாட்டுக்குப் போகிறது.

நெல்லை ஊறவைத்தால் கதை மாறுகிறது. உமிக்குள் கசியும் தண்ணீர் தவிட்டைக் கடந்துதான் உள்ளே போக முடியும். தயமின் தண்ணீரில் கரையக்கூடியது. போகிற தண்ணீர் அதையும் கூட்டிக்கொண்டு மணியின் உட்பக்கம் நகர்கிறது. அப்புறம் ஆவி வருகிறது. சுமார் 70 டிகிரி வெப்பத்தில், ஈரம் குடித்த மாவுத் துகள்கள் உப்பி, உடைந்து, ஒன்றோடொன்று கூழாக ஒட்டிக்கொள்கின்றன. துகள்களுக்கு நடுவே இருந்த காற்று இடைவெளிகள் அடைபட்டுப் போகின்றன. அந்த இடைவெளிகள்தான் பச்சரிசி வயிற்றில் வெள்ளைத் திட்டாகத் தெரிந்தவை. மணிக்குள் இருந்த சின்னச் சின்ன விரிசல்களும் ஆறிவிடுகின்றன. காய்ந்ததும் எல்லாம் இறுகி ஒரே கட்டியாகிறது. உள்ளே வந்த தயமின் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. இனி ஆலை தவிட்டை எடுத்துக்கொண்டு போகட்டும், அதிலிருந்ததில் ஒரு நல்ல பங்கு ஏற்கெனவே இடம் மாறிவிட்டது.

கணக்கு இதுதான். நம் நாட்டு உணவு அட்டவணைகளின்படி, ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயமின் 0.06 மில்லிகிராம், அதே ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியில் 0.21. வளர்ந்த ஒருவருக்கு நாளைக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வேண்டும். கூலி வேலை செய்பவர் நாளைக்கு அரைக் கிலோ அரிசிச் சோறும் கொஞ்சம் உப்பு, மிளகாயும் மட்டும் சாப்பிட்டுக் காலம் தள்ளினார் என்று வையுங்கள். சமைப்பதில் ஆகும் சேதாரத்தை விட்டுவிட்டால், ஒரு அரிசியில் அவருக்கு 0.3 கிடைக்கும், மற்றதில் ஒன்றைத் தாண்டிவிடும். சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே இருந்தது அவ்வளவுதான்.

மிகையாகச் சொல்லவில்லை. சோற்றிலிருந்து வரும் சர்க்கரையை உடல் சக்தியாக மாற்ற தயமின் துணை வேண்டும். உடம்பில் இருப்பு இருப்பதே 30 மில்லிகிராம்தான். வரத்து நின்றால் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதிகம் பாதிக்கப்படுபவை நரம்பும் இதயமும். கால் மரத்துப்போகும், வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். பெரிபெரி என்று பெயர். சிங்களத்தில் இயலாமையைக் குறிக்கும் சொல்லை இரட்டித்து வந்த பெயர் என்பார்கள். நீராவி அரிசி ஆலைகள் பெருகிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிழக்காசியா நெடுக இந்நோய் ஆயிரக்கணக்கில் கொன்றது.

பாக்டீரியாக்களை வரிசையாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் அது. இதற்கும் ஒரு கிருமி இருக்கும் என்று நம்பி, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவில் தேடிக்கொண்டிருந்தார் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன். அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகளுக்கே கால் துவண்டது, பிறகு தானாகவே சரியாயிற்று. விசாரித்தால், இடையில் கொஞ்ச காலம் ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்ததும் மறுபடி தீட்டாத அரிசிக்கு மாற்றியிருக்கிறார்கள். 1890களில் எய்க்மன் சொன்ன முடிவு: வெள்ளை அரிசியில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிடு அதற்கு முறிவு. பார்த்தது சரி, சொன்ன காரணம் தவறு. இருக்கிற ஒன்றுதான் நோய் தரும் என்று நினைக்கப் பழகிய மனத்துக்கு, இல்லாத ஒன்று ஆளைக் கொல்லும் என்பது எட்டவில்லை. அதை 1901இல் சொன்னவர் அவருக்குப் பின் அங்கே ஆய்வைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ்.

இந்தக் கதைக்குள் நம்மவர்கள் வருவது மலாயாவில். ஒரே ஊரில் மூன்று விதச் சோறு. சுரங்கங்களில் வேலை பார்த்த சீனர்கள் சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், அவர்களைப் பெரிபெரி வாரிக்கொண்டு போனது. மலாய்க்காரர்கள் அன்றன்றைக்கு வீட்டில் குத்திய அரிசியைப் பொங்கினார்கள். தமிழ்க் கூலிகள், கப்பலேறி வந்த பிறகும் புழுங்கலரிசியை விடவில்லை. மற்ற துன்பங்கள் அத்தனையும் பட்ட அந்தத் தமிழர்களிடம் இந்த ஒரு நோய் மட்டும் அபூர்வமாக இருந்தது. இதைக் கவனித்து 1907இல் புத்தகமாகவே எழுதினார் பிராடன் என்ற மருத்துவர். அவரும் நஞ்சு என்றே நினைத்தார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃபிளெட்சர் இதைச் சோதித்தார். 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளைச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண்ணெல்லாம் கிழக்கு வார்டுக்கு, இரட்டைப்படை மேற்கு வார்டுக்கு. கிழக்கே வழக்கமான சயாம் பச்சரிசி, மேற்கே இந்தியப் புழுங்கலரிசி. மற்ற சாப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றுதான். கிழக்கு வார்டில் பெரிபெரியால் 18 பேர் இறந்தார்கள். மேற்கில் ஒருவரும் இல்லை. தங்கள் பக்கத்துக்குப் பேச வழியில்லாத நோயாளிகள் மேல் நடந்த சோதனை. இன்று எந்த நெறிக்குழுவும் இதற்கு ஒப்பாது, ஒப்பவும் கூடாது. புழுங்கலரிசியைப் பற்றி எப்போது பேசினாலும் வரிசையில் ஒற்றைப்படை எண்ணாக நின்ற அந்த மனிதர்கள் என் நினைவுக்கு வருகிறார்கள்.

தமிழ்நாட்டிலேயே இந்த ஆராய்ச்சிக்கு ஒரு வீடு இருந்தது. 1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் பெரிபெரி விசாரணையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கரையோரத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட மாவட்டங்களில் இந்நோய் நிலைகொண்டிருந்தது. அந்த ஓர் அறைதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று.

நெல்லை அவிக்க முதலில் யாருக்குத் தோன்றியதோ, அவர் வைட்டமினை நினைத்து அவித்திருக்க மாட்டார். அவித்த நெல்லில் உமி சுலபமாகக் கழலும், குத்தும்போது நொய் குறையும், பூச்சி சீக்கிரம் அண்டாது. இவை கண்ணுக்குத் தெரிந்த லாபங்கள். தெரியாத லாபம் கூடவே வந்தது.

இன்றைக்குப் பருப்பும் பயறும் நிலக்கடலையும் சாப்பிடுகிற வீட்டில் தயமினுக்காக அரிசியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. புழுங்கலரிசி சர்க்கரை நோய்க்கு மருந்தும் அல்ல. அளவு மீறினால் அதுவும் சோறுதான். ஆனால் சமையலறையில் நாம் செய்கிற ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். தண்ணீரோடு உள்ளே வந்தது தண்ணீரோடு வெளியேயும் போகும். நான்கைந்து முறை கசக்கிக் கழுவினால் கழுநீரில் போகும், நிறையத் தண்ணீர் வைத்து வடித்தால் கஞ்சியில் போகும். பச்சரிசியில் இந்த இழப்பு அதிகம், புழுங்கலில் குறைவு, ஆனாலும் உண்டு. இரண்டு முறை கழுவினால் போதும், தண்ணீரை அளந்து வைத்துப் பொங்கினால் இன்னும் நல்லது.

அப்பாயி வடித்துத்தான் சமைப்பார். உலைமூடியைப் பிடித்துப் பானையைச் சரித்தால் கஞ்சி கெட்டியாக இறங்கும், கீழே எப்போதும் ஒரு மண்சட்டி இருக்கும். களத்தில் கால் கடுக்க நெல் கிண்டிவிட்டு வந்தவர்களுக்கு அதில் கல்லுப்பைப் போட்டு, கரையும் வரை கையாலேயே கலக்கி, முதல் குவளையை ஊற்றிக் கொடுப்பார். அதைக் குடித்து முடிக்காமல் யாரும் சோற்றுக்கு உட்கார முடியாது.